எவ்வளவு கீழே இறங்கும்?

நெட்டையின் கால் படிக்குள் போனபோது, நல்லவேளையாக, வேன் நின்றுகொண்டிருந்தது.

பீங்கான் தொழிற்சாலை வாசலில் மாலை ஷிப்ட் விட்ட நேரம். பெண்கள் வழக்கம்போல ஒருவரையொருவர் இடித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் ஏறினார்கள். நெட்டை எப்போதும் கடைசியாகத்தான் ஏறுவாள். முதலில் ஏறினால் கழுத்தை மடக்கிக்கொண்டே எல்லோருக்கும் வழிவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. பக்கக் கதவுக்குக் கீழே இருக்கிற படியில் வலது காலை ஊன்றினாள். காய்ந்த சருகை மிதித்ததுபோல ஒரு சத்தம். மறுநொடி முழங்கால்வரை வண்டிக்குள் புதைந்து நின்றாள்.

"அய்யோ அக்கா! கால்! என் கால்!"

ஓட்டுநர் இருக்கையிலிருந்து குதித்து ஓடிவந்தவளை வேன்காரி என்றே சொல்வோம்; அந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நெட்டையின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். தகரத்தின் விளிம்பு கெண்டைக்கால் சதையைக் கிழித்திருந்தது. துப்பட்டாவால் இறுக்கிக் கட்டி, அதே வேனில் மருத்துவமனைக்குப் பறந்தாள்.

தையல் போட்டு, நெட்டையை வீட்டில் விட்ட பிறகுதான் அந்த ஓட்டையைக் குனிந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வந்தது. கைபேசி வெளிச்சத்தை உள்ளே காட்டினாள். இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் கசக்கித் திணித்த செய்தித்தாள் இருந்தது. அதன்மேல் விரல் தடிமனுக்குப் பட்டி, பள்ளத்தை நிரப்பும் பசை. பட்டியின்மேல் பளபளவென்று பெயிண்ட். தாளைப் பிடித்து இழுத்தாள். சுருள் சுருளாக வந்துகொண்டே இருந்தது. நில விளம்பரம், சினிமா, ராசிபலன். யாருக்கோ அன்றைக்குப் பயணத்தால் நன்மை என்று போட்டிருந்தது.

வேன் பட்டறையிலிருந்து திரும்பி வந்து முழுசாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. கதவுப் படியில் துரு ஏறுகிறது என்று அவளே கண்டுபிடித்து, அவளே ஓட்டிக்கொண்டுபோய் விட்டிருந்தாள். "துரு பிடிச்சதை வெட்டி எடுத்துட்டு, புதுத் தகடு வச்சு பத்த வச்சிருக்கேன்மா. யானை ஏறினாலும் தாங்கும்" என்று பட்டறைக்காரர் சாவியைக் கையில் கொடுத்திருந்தார். யானை ஏறவில்லை. நெட்டைதான் ஏறினாள். ஒல்லிக்குச்சி.

மறுநாள் காலையில் வேன்காரி பட்டறைக்குப் போய், செய்தித்தாள் மூட்டையை அவர் மேசைமேல் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"உங்க தகடு. திருப்பிக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கையைத் துணியில் துடைத்தபடி, "யாருக்காவது அடியாம்மா? ஏதோ கெட்ட நேரம்…" என்றார்.

"துருவுக்கு நேரமெல்லாம் பார்க்கத் தெரியாதுங்க. ஈரம் இருக்கான்னு மட்டும்தான் பார்க்கும். பத்த வச்சேன்னு சொன்னீங்களே, எங்க பத்த வச்சீங்க? காட்டுங்க, கண்ணால பார்த்துட்டுப் போறேன்."

"முழுசா வெட்டினா பெரிய வேலைம்மா அது. பொம்பளைங்க ஏறி இறங்குற வண்டிதானே, என்ன பெரிய கனம் வந்துடப் போகுதுன்னு…"

அவர் அதை முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. அந்த வாக்கியத்தை வேன்காரி வேறு வேறு வாய்களில் கேட்டிருக்கிறாள். பல வருஷம் அவள் அந்தத் தொழிற்சாலையின் தரம் பிரிக்கும் பகுதியில் இருந்தவள். சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு கோப்பையையும் ஒரு சின்ன மரக்கட்டையால் தட்டிப் பார்ப்பதுதான் அங்கே வேலை. நல்ல கோப்பை மணிபோலக் கணீரென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் 'டொக்' என்று செத்த சத்தம் வரும். அந்தப் பகுதி முழுக்கப் பெண்கள். மின்விசிறி கேட்டபோது, பொம்பளைங்கதானே, உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே என்றார்கள். முதுகு சாய நாற்காலி கேட்டபோதும் அதேதான். கேட்டுக்கொண்டே இருந்ததால் மேற்பார்வையாளர் அவளுக்கு 'பத்த வைக்கிறவ' என்று பேர் வைத்தார். எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டு நெருப்பு மூட்டிவிடுகிறவள் என்று பொருள். கடைசியில் ஆள்குறைப்பு என்ற பேரில் முதல் ஆளாக அவளைக் குறைத்தார்கள். நெருப்பைக் குறைத்துவிட்டோம் என்று அவர்களுக்கு நிம்மதி.

அவள் வெளியே வந்து வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். அப்போது பெண்களை ஏற்றிவந்த வேன் நினைத்த நேரத்துக்கு வரும். வாசல் மணி அடித்த பிறகு வந்து சேர்ந்தால் அரை நாள் சம்பளம் போச்சு. வேன்காரருக்கு ஒன்றும் போகாது. அதைப் பார்த்துக் கொதித்துத்தான் அவள் ஒரு பழைய வேனை வாங்கினாள். மேற்பார்வையாளர் முகத்தைச் சுளித்தார். ஆனால் பெண்கள் யார் வேனில் வருவது என்று அவர்களே தீர்மானித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அதே தோழிகளை அதே வாசலில் தினமும் கொண்டுபோய் இறக்குகிறாள்.

பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்தவள் உட்காரவே இல்லை. உட்காருகிற சுபாவமே அவளுக்குக் கிடையாது. தேநீரை நின்றுகொண்டே குடிப்பாள், அதுவும் பாதியை. மீதிப் பாதியை வீட்டின் ஏதாவது ஒரு மூலையில் வைத்துவிட்டுத் தேடுவாள். அவள் கணவர் கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுகிறவர். ஒரு கோடு போட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு போடுகிற நிதானம். இரண்டு பேரும் ஒரே வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்பது சொந்தக்காரர்களுக்கு இன்னும் புரியாத விஷயம்.

"வேற பட்டறைக்குக் குடுத்துப் பார்ப்போமே" என்றார் அவர்.

"அங்கேயும் இதே பட்டியும் பேப்பரும்தான்னா? உள்ளே என்ன இருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்? இல்லைங்க. ஒரு வெல்டிங் மிஷின் வாங்கப் போறேன். நானே பத்த வைக்கிறேன்."

அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "நீயா?"

"ஏன், கை ரெண்டு இருக்கே."

அவளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. சூளையைப் பழுது பார்க்கத் தொழிற்சாலையை ஒரு வாரம் மூடியிருந்தார்கள். திங்கட்கிழமை திறக்கும்போது படி சரியாக இல்லாவிட்டால் பெண்களுக்கு இனி அந்தப் பக்கத்தில் ஓடும் இன்னொரு வண்டியான வெள்ளை வேன்தான் என்று மேற்பார்வையாளர் சொல்லியனுப்பியிருந்தார். வெள்ளை வேன்காரர் பெரிய மனிதர். வண்டியைக் கண்ணாடிபோலத் துடைத்து வைத்திருப்பவர். சவாரி கைவிட்டுப் போவதைக்கூட அவள் தாங்கிக்கொள்வாள். 'அக்கா வண்டியில ஏறினேன், கால் போச்சு' என்று நெட்டை அழுத அழுகைதான் காதைவிட்டுப் போகவில்லை.

கணவரின் தம்பி இரும்புக் கேட்டும் மாடிப்படியும் செய்கிற வெல்டர். விஷயம் கேள்விப்பட்டு, தன் மிஷினைத் தோளில் சுமந்துகொண்டே வந்துவிட்டான்.

"என்ன அண்ணி, பத்த வைக்கிறதுக்கு உங்களுக்குத் தனியா மிஷின் வேற வேணுமா? வாய் போதாதா?"

"வந்த வேலையைப் பாரு. உங்க அண்ணன் மாதிரி நீயும் ஜோக் அடிக்க ஆரம்பிச்சுட்டியா?"

அவன் நேராக வேனுக்குப் போனான். வேன்காரி குறுக்கே நின்றாள். "முதல்ல இதுல காட்டு" என்று, பழைய இரும்புக் கடையில் வாங்கிவந்த வேன் கதவின் துண்டு ஒன்றை நீட்டினாள். உடைத்து விற்ற வேறொரு வேனின் தோல் அது. அதே தடிமன்.

அவன் சிரித்தான். எத்தனை கேட், எத்தனை மாடி! முகக் கவசத்தைக் கவிழ்த்தான், வெல்டிங் ராடைத் தகட்டில் தொட்டான். சர்ரென்று ஒரு வெளிச்சம். கவசத்தைத் தூக்கிப் பார்த்தால் பற்றவைத்த தடமே இல்லை. கட்டைவிரல் நுழைகிற ஓட்டைதான் இருந்தது.

"தகடு சரியில்லை அண்ணி."

"இதான்டா வண்டித் தகடு. எல்லா வண்டியும் இதுலதான் செஞ்சிருக்கு."

கரண்டைக் குறைத்தான். இன்னொரு ஓட்டை. இன்னும் குறைத்தான். சின்ன ஓட்டை. குமிழை அதற்குமேல் திருப்ப முடியவில்லை. அடியில் முட்டி நின்றது.

"இவ்வளவுதான் இறங்குமா?" என்று கேட்டாள் அவள்.

"இறங்குறதுக்கா அண்ணி மிஷின் வாங்குறோம்? இது மேல எவ்வளவு போகும் தெரியுமா? ரயில் தண்டவாளத்தையே ஒட்டலாம். நீங்க வாங்கினாலும் பெரிசா வாங்குங்க. சின்னதை வாங்கிட்டு அப்புறம் அழாதீங்க."

அவள் ஓட்டை விழுந்த தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எல்லோரும் மேலே எவ்வளவு போகும் என்றே சொல்கிறார்கள். கைபேசியில் அவள் பார்த்த விளம்பரம் எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் இருந்தது அந்த மேல் எண்தான். கீழே எவ்வளவு இறங்கும் என்பதை எவனும் பெரிதாகப் போடவில்லை. ஆனால் ஒரு மெல்லிய தகட்டுக்குத் தெரிய வேண்டியது அந்தக் கேள்விக்கான பதில் ஒன்றுதான்.

மறுநாள் கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு மிஷின் கடைக்குப் போனாள். கடைக்காரர் கொழுந்தனைப் பார்த்து, "வாங்க சார், என்ன மாதிரி வேலைக்கு?" என்றார்.

"வேன் பாடி வேலை. மெல்லிய தகடு" என்றாள் அவள்.

"சார், அப்படின்னா இதைப் பாருங்க. இருநூத்தைம்பது ஆம்பியர் வரைக்கும் போகும் சார்."

"கீழே எவ்வளவு இறங்கும்?" என்றாள் அவள்.

கடைக்காரர் கொழுந்தனிடம், "மேடம் என்ன கேக்கிறாங்க?" என்றார்.

கொழுந்தனுக்கு வந்ததிலிருந்தே நெஞ்சு நிமிர்ந்திருந்தது. இந்த ஒரு கேள்வியில் அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "என்கிட்ட கேக்காதீங்க, எனக்கு கேட் செய்யத்தான் தெரியும். வாங்கப் போறது அவங்க. பதில் சொல்லாம சமாளிச்சுட்டுப் போயிடலாம்னு மட்டும் நினைக்காதீங்க, இதுவரைக்கும் யாரும் போனதில்லை."

அவள் பையைத் திறந்து தகட்டுத் துண்டுகளை எடுத்து வைத்தாள். ஒரே கதவிலிருந்து வெட்டிய, ஒரே அளவுத் துண்டுகள்.

"மிஷினை ஓட்டிப் பார்க்கணும்."

"டெமோ எல்லாம் காட்டுறதில்லை மேடம்."

"செருப்புக் கடையில போட்டுப் பார்க்கத் தர்றாங்க. தரமாட்டேன்னா அந்தச் செருப்புல என்னமோ இருக்குன்னுதானே அர்த்தம்? உங்க மிஷின்மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லைன்னா, போர்டுல எழுதி வச்சிடுங்க. நான் இப்பவே போயிடறேன்."

கடையில் வேறு இரண்டு பேர் நின்றார்கள். திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் பெருமூச்சுவிட்டுப் பின்கட்டைத் திறந்தார்.

அவள் தகடுகளை வரிசையாக அடுக்கிவிட்டுக் கொழுந்தனிடம் சொன்னாள்: "எல்லாத்தையும் நீதான் ஓட்டணும். கையும் ஒண்ணு, தகடும் ஒண்ணு. மிஷின் மட்டும்தான் மாறணும். அப்பதான் கோளாறு எதுலன்னு தெரியும்."

முதலில் காஸ் வேண்டாத மிஷின். கம்பிக்குள்ளேயே மருந்து வைத்திருக்கிறார்களாம். கைப்பிடியின் விசையை அழுத்தினால் கம்பி தானாக வருகிறது. வாங்குவதும் சுலபம், தூக்கிப்போவதும் சுலபம். ராடைவிட எவ்வளவோ மேல். ஆனால் கடுகு வெடிப்பதுபோலப் பொறி சிதறியது. தகட்டின் ஓரம் அரித்துப்போயிற்று. அடுத்து கடைக்காரர் முதலில் காட்டிய பெரியது. சிலிண்டரிலிருந்து காஸ் வந்து உருகும் இரும்பைக் காற்று படாமல் மூடுகிறது. தடம் சுத்தமாக விழுந்தது. ஆனால் அதன் கம்பி தடிமன், அதன் அடிமட்டச் சூடே அதிகம். தகடு வெண்ணெயாக உருகி ஒரு ஓட்டை விழுந்தது. கொழுந்தன் அந்த ஓட்டை வழியாகக் கடைக்காரரைப் பார்த்தான்.

"அது என்ன, கீழ்த்தட்டில?" என்றாள் அவள்.

"அதா? அது சும்மா மேடம். வீட்டுல வச்சு விளையாட வாங்குவாங்க. வீட்டுப் பிளக்லேயே ஓடும். தொழில் பண்றவங்க தொடமாட்டாங்க."

"அதை எடுங்க."

தூசு தட்டி எடுத்தார்கள். அதற்கும் காஸ்தான், ஆனால் கம்பி நூல்போல மெலிசு. அதன் எண் பெட்டியின் ஓரத்தில், வெட்கப்பட்டு ஒதுங்கி நிற்பதுபோலச் சின்ன எழுத்தில் இருந்தது: முப்பது ஆம்பியர்வரை இறங்கும். கொழுந்தன் விசையை அழுத்தி உடனே விட்டான். ஒரு புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. கவசத்தைத் தூக்கிக் குனிந்து பார்த்தான். ஓட்டை இல்லை. தகட்டைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கமும் லேசாக உருகி ஒட்டியிருந்தது.

"அண்ணி," என்றான் மெதுவாக, "இது ஒட்டுது."

"ஒட்டும். அதுக்குத்தானே செஞ்சிருக்காங்க" என்றாள் அவள். ஆனால் கடைக்காரர் பெட்டி கட்டி முடிப்பதற்குள் இரண்டு முறை எழுந்து நடந்துவிட்டாள்.

அடுத்த நாளே கொழுந்தன் வெளியூர் வேலைக்குப் போய்விட்டான். போகும் முன் அவன் சொன்னது இவ்வளவுதான்: ஒரு புள்ளி வைத்தால் அது ஆறும்வரை அடுத்த புள்ளியைத் தொடாதே, எதிர் மூலைக்குப் போ, ஒரே பக்கம் சூடாக்கினால் தகடு நெளிந்துபோகும். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவள் செய்திருப்பாள். காத்திரு என்று மட்டும் அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது.

வீட்டுக்குப் பின்னால் சந்து. வேனைப் பின்பக்கமாக அங்கே நுழைத்தாள். பேட்டரியின் கம்பியைக் கழற்றினாள். தரை விரிப்பைப் பிடுங்கி எறிந்தாள். இரும்பறுக்கும் கிரைண்டரால் அழுகிய இரும்பையெல்லாம், நல்ல இரும்பு பளிச்சென்று தெரியும்வரை வெட்டினாள். அடியில் வண்டியைத் தாங்கும் கனமான சட்டம் நல்லவேளையாகத் திடமாக இருந்தது. செத்துப்போனது அதன்மேல் மூடிய படித் தகடுதான். கணவர் ஈரச் சாக்குகளைக் கொண்டுவந்து ஜன்னல் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மூடினார்.

"எதுக்குங்க இது?"

"பொறி பட்டா கண்ணாடில புள்ளி புள்ளியா பதிஞ்சிடும். எத்தனை துடைச்சாலும் ஜென்மத்துக்கும் போகாது. நீ உன் இரும்பைப் பாரு, நான் என் கண்ணாடியைப் பார்த்துக்கிறேன்." ஒரு வாளித் தண்ணீரோடு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

முதல் தகட்டைக் கெடுத்தாள். ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி, இன்னும் ஒன்று, கை நிற்கவில்லை. வரிசையாக இழுத்துக்கொண்டே போனாள். நிமிர்ந்தபோது தகடு நடுவில் வீங்கி, ஓரத்தில் வளைந்து கிடந்தது. வெட்டி எறிந்தாள். அடுத்ததில் சந்துக்காற்று காஸைக் கலைத்துவிட்டது. தடம் முழுக்கப் பொத்தல் பொத்தலாக, நுரை காய்ந்ததுபோல விழுந்தது. அதையும் வெட்டி எறிந்தாள். கணவர் ஒரு பழைய போர்வையைக் கொண்டுவந்து காற்று வரும் பக்கம் கட்டினார்.

"ஒண்ணு வச்சுட்டுக் காத்திருன்னானே அவன்."

"காத்திருக்கிறேனே!"

"எங்க காத்திருந்த? கண்ணாடி மேல கோடு போட்டுட்டு உடனே உடைச்சா கோணலாத்தான் போகும். எழுந்து ஒரு நடை நடந்துட்டு வா. அந்த நேரத்துல ஆறிடும்."

அதுதான் அவளுக்குப் பொருந்திய வழி. ஒரு புள்ளி வைப்பாள். எழுந்து சந்தின் முனைவரை போய் வருவாள். எதிர் மூலையில் இன்னொன்று வைப்பாள். அவளுடைய அமைதியின்மையை அந்தத் தகடு முதல்முறையாகப் பயன்படுத்திக்கொண்டது. ஓட்டை விழுந்துவிடுமோ என்ற பயம் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு புள்ளிக்கு முன்னும் குமிழைத் தொட்டுப் பார்த்து, அது அடிமட்டத்தில்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்தது. ஒரு ஓட்டை இல்லை. மணி கோத்ததுபோல வரிசையாக, உருண்டையாக, அழகாக நின்றன புள்ளிகள். உள்பக்கம் துரு பிடிக்காத பூச்சு அடித்தாள். வெளிப்பக்கத்தில் பெயிண்டை அடிக்கவில்லை. பட்டியைத் தொடவே இல்லை. என்ன செய்திருக்கிறேன் என்று பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அப்படியே விட்டாள்.

திங்கட்கிழமை காலை, பெண்கள் கூடும் முனையில் வேன் போய் நின்றது. நெட்டை கட்டுப் போட்ட காலோடு கொஞ்சம் தள்ளி நின்றாள். மற்றவர்கள் படியைச் சுற்றிக் குனிந்தார்கள்.

"என்னக்கா, பெயிண்ட்கூட அடிக்கலை? அம்மணமா நிக்குது."

"அடிச்சா உங்களுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியாதே."

"நீங்களே செஞ்சீங்கன்னா அப்புறம் என்ன பார்க்கிறது? நம்பிக்கைதான்" என்று ஒருத்தி காலைத் தூக்கினாள்.

"இறக்கு காலை!" வேன்காரி கத்திய கத்தலில் அவள் பின்னால் நகர்ந்தாள். "போன தடவை அந்த ஆளை நம்பினேன். அதனாலதான் இவ கால்ல தையல். நாள் முழுக்க யார் யாரோ குடிக்கப் போற கோப்பையை எல்லாம் தட்டிப் பார்க்கிறீங்க. நீங்க ஏறி நிக்கிற படியை ஒருத்தியாவது தட்டிப் பார்த்தீங்களா? நானும்தான் பார்க்கலை." இருக்கைக்கு அடியிலிருந்த சின்னச் சுத்தியலை எடுத்து நெட்டையிடம் நீட்டினாள். "நீ பாரு. இந்தக் கூட்டத்துல உன் காதுதான் நல்ல காது."

நெட்டை அதை வாங்கினாள். பிறகு கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு மெல்லக் குனிந்து உட்கார்ந்தாள். சுத்தியலை இரண்டு விரலில், கோப்பை தட்டும் கட்டையைப் பிடிப்பதுபோலவே பிடித்தாள்.

டங். டங். டங். முன்விளிம்பு முழுக்கக் கணீரென்று ஒலித்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். டங். டங். உள்விளிம்பு, சட்டத்தோடு சேரும் இடம்.

டொக்.

சிரிப்பு நின்றது. நெட்டை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதே இடத்தில் மறுபடி தட்டினாள். டொக். பக்கத்துப் புள்ளி. டொக்.

"அக்கா," என்றாள், தரம் பிரிக்கும் மேசையில் சொல்கிற அதே குரலில், "இது ஒட்டலை."

வேன்காரி மண்டியிட்டுப் பார்த்தாள். உளியை வைத்து ஒரு புள்ளியை நெம்பினாள். சட்டைப் பொத்தான்போலக் கழன்று உருண்டது. அழகாக உருண்டு நின்ற புள்ளிகள் எல்லாம் சட்டத்தின்மேல் மெழுகுபோல உட்கார்ந்திருந்தன, உள்ளே கடிக்கவில்லை. அவள் காது சூடாகிவிட்டது. பட்டறைக்காரர் தெரிந்தே செய்தார், இவள் தெரியாமல் செய்தாள். ஏறுகிற காலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மணி ஆகிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சமாதானம் சொல்லாமல் கைபேசியை எடுத்து, வெள்ளை வேன்காரரை அவளே கூப்பிட்டாள். அவர் வந்தார். கண்ணாடியை இறக்கி, "என்னம்மா, நீங்களே கூப்பிட்டீங்களா? ஆச்சரியமா இருக்கே" என்று சிரித்தார். பெண்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக அந்த வண்டியில் ஏறிப்போனார்கள். நெட்டை சுத்தியலைத் திருப்பித் தர மறந்து கையிலேயே கொண்டுபோய்விட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே கொழுந்தனை அழைத்தாள்.

"சட்டத்துல ஒட்டலைடா."

"எத்தனையில வச்சு ஓட்டினீங்க?"

"எல்லாத்துக்கும் கீழ."

அந்தப் பக்கம் அவன் சிரிக்காமல் இருக்கப் படும் பாடு கேட்டது. "அண்ணி, சட்டம் கனமான இரும்பு. நீங்க குடுக்கிற சூட்டையெல்லாம் அது குடிச்சுட்டு இன்னும் கொண்டான்னு கேக்கும். கீழே இறங்குற மிஷின் வாங்கினீங்க, சரி. அது மேலேயும் ஏறும்ங்கிறதை மறந்துட்டீங்களா? கொஞ்சம் ஏத்துங்க. நெருப்பைச் சட்டத்துப் பக்கம் காட்டுங்க, அங்க உருகினதும் தகட்டுக்கு இழுங்க."

வீட்டுக்கு வந்து வேனை மறுபடி சந்துக்குள் நுழைத்தாள். சட்டத்தின் ஓரத்துப் புள்ளிகளை எல்லாம் ஈவிரக்கம் இல்லாமல் அரைத்து எடுத்தாள். குமிழைத் திருப்பினாள். முதலில் ஒரு துண்டுச் சட்டத்தில் பழைய தகட்டை வைத்து ஒட்டி, இடுக்கியால் பிய்த்துப் பார்த்தாள். இந்த முறை புள்ளி கழலவில்லை, தகடுதான் கிழிந்தது. அதற்குப் பிறகுதான் வேனைத் தொட்டாள். ஒரு புள்ளி, சந்து முனைவரை ஒரு நடை, இன்னொரு புள்ளி. வேலைக்குப் போகாமல் நின்ற கணவர் வாளியோடு பக்கத்திலேயே இருந்தார். இந்தப் புள்ளிகள் காலையில் இருந்தவைபோல அழகாக இல்லை. தட்டையாக, அகன்று, இரும்புக்குள் அமிழ்ந்து கிடந்தன.

மாலை ஷிப்ட் விட்டபோது தொழிற்சாலை வாசலில் இரண்டு வேன்கள் நின்றன. வெள்ளை வேன் பளபளத்தது. வேன்காரியின் வேன் தன் தையல்களை வெளியே காட்டிக்கொண்டு, கொஞ்சம் பின்னால் நின்றது. அவள் கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலுக்கும் வண்டிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். யாரையும் கூப்பிடவில்லை.

பெண்கள் வெளியே வந்தார்கள். வெள்ளை வேன்காரர் ஹாரன் அடித்தார். அவர்கள் நெட்டையைப் பார்த்தார்கள். நெட்டை நொண்டி நொண்டி வேன்காரியின் படிக்கு வந்து, உட்கார்ந்து, தட்டத் தொடங்கினாள். முன்விளிம்பு. இரண்டு பக்கம். பிறகு உள்விளிம்பு, காலையில் செத்துப்போயிருந்த இடம். டங். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம். டங். கடைசிப் புள்ளிவரை போய்விட்டு மறுபடி முதலிலிருந்து வந்தாள். வேன்காரி நடப்பதை நிறுத்தியிருந்தாள்.

"ஏறுங்கடி" என்றாள் நெட்டை.

எல்லோரும் இடித்துக்கொண்டு ஏறினார்கள். நெட்டை மட்டும் ஏறவில்லை. எழுந்து, சுத்தியலோடு, வெள்ளை வேனை நோக்கி நடந்தாள்.

"ஏம்மா, என் வண்டிகிட்ட எதுக்கு வர்றே?"

"காலையில இதுலதானே வந்தோம்" என்று சொல்லிவிட்டு, அவள் குனிந்து, அந்தப் பளபளக்கும் படியில் ஒரு தட்டு தட்டினாள்.

டொக்.

வேனுக்குள் இருந்த பெண்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். நெட்டை அதற்குப் பக்கத்தில் இன்னொரு தட்டுத் தட்டினாள். டொக். வெள்ளை வேன்காரர் கதவைத் திறந்துகொண்டு சத்தம் போட வந்தார். பாதி வழியில் அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டது. சுத்தியலை வாங்கித் தானே ஒரு தரம் தட்டினார். பிறகு குனிந்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை.